சிவப்பு இடம், பச்சை வலம்: 1:50 இழுவைப் படகுக்கு விளக்கு போட்ட அனுபவம்

ரிமோட்டில் ஓடும் என் மாதிரி இழுவைப் படகை இருட்டில் முதல் முறை தண்ணீரில் விட்டபோது, அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றே தெரியவில்லை. எங்கிருந்து பார்த்தாலும் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தன. சுக்கான் அறை ஜன்னல்களில் இருந்து கொட்டிய வெளிச்சத்தில் கம்பத்து விளக்கு இருக்கும் இடமே தெரியவில்லை. மேசை மேல் வைத்துப் பார்த்தபோது அத்தனை அழகாக இருந்த அதே விளக்குகள்தான். படகு என்னை நோக்கி வருகிறது என்று நினைத்துச் சுக்கானைத் திருப்பினேன். அது விலகிப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரைக் கல்லில் மோதி நின்றது.

மறுநாள் எல்லா விளக்கையும் கழற்றிவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். இந்தப் பதிவு அந்த இரண்டாவது முயற்சியைப் பற்றியது. கப்பலில் இருக்கும் ஒவ்வொரு விளக்கும் மற்றவர்களுக்கு ஒரு செய்தி சொல்வதற்காகத்தான் இருக்கிறது. மாதிரிப் படகிலும் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் வேலை நேரானது.

படகைப் பற்றிச் சுருக்கமாக. துறைமுக இழுவைப் படகு, அளவு 1:50. நீளம் 56 செ.மீ., அகலம் 18 செ.மீ. அதாவது நிஜத்தில் 28 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஒரு மோட்டார், ஒரு சுக்கான், 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. தண்ணீரில் நிற்கும்போது மொத்த எடை 3.4 கிலோ. ரிமோட்டில் ஆறு சேனல்.

விதி என்ன சொல்கிறது

கடலில் மோதல்களைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகள்தான் இதற்கெல்லாம் அடிப்படை. மாலுமிகள் சுருக்கமாக 'கோல்ரெக்' என்பார்கள். கணக்கு எளிது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் நேர் முன்னாலிருந்து தொடங்கித் தத்தம் பக்கத்தில் 112.5 டிகிரி வரை மட்டும் தெரிய வேண்டும். கம்பத்தில் இருக்கும் வெள்ளை விளக்கு முன்பக்கமாக 225 டிகிரி. பின் விளக்கும் வெள்ளைதான், அது பின்பக்கமாக 135 டிகிரி. இரண்டு பக்க விளக்குகளையும் கூட்டினால் 225, அதோடு பின் விளக்கின் 135ஐச் சேர்த்தால் 360. ஒரு கப்பலை எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அது எப்படித் திரும்பி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் நம்மைப் பார்க்கிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம் மேலேயே வருகிறது.

இழுவைப் படகுக்கு இதோடு இன்னும் இரண்டு விளக்கு. எதையாவது பின்னால் கட்டி இழுக்கும்போது கம்பத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் எரிய வேண்டும். இழுக்கும் தொடரின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. பின் விளக்குக்கு நேர் மேலே மஞ்சள் இழுவை விளக்கு ஒன்று, அதுவும் 135 டிகிரிதான். 200 மீட்டரை இந்த அளவில் கணக்குப் போட்டால் 4 மீட்டர். நான் இழுக்கப் போகும் மிதவை 2 மீட்டர் கயிற்றில் வரும். அதனால் இரண்டு வெள்ளை போதும்.

விளக்குகளின் உயரத்துக்கும் விதி உண்டு. படகின் அகலம் 6 மீட்டருக்கு மேல் போனால் கம்ப விளக்கு மேல்தளத்திலிருந்து அந்த அகலத்தின் அளவுக்காவது உயரத்தில் இருக்க வேண்டும், 12 மீட்டர் வரை. என் படகுக்கு 9 மீட்டர், அதாவது மாதிரியில் 180 மி.மீ. இரண்டு வெள்ளை விளக்குகளுக்கும் இடையில் குறைந்தது 2 மீட்டர், மாதிரியில் 40 மி.மீ. நான் முதலில் வைத்திருந்த கம்பம் 150 மி.மீ. தான். புதிதாக ஒன்று செய்ய வேண்டியதாயிற்று.

கண்ணாடி

கம்ப விளக்கை எப்படி 225 டிகிரிக்கு மட்டும் எரிய வைப்பது? மூன்று மாலை இதிலேயே போனது. அதில் ஒரு மாலைகூட வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

3 மி.மீ. தடிமனுள்ள தெளிவான அக்ரிலிக் கம்பியில் 6 மி.மீ. துண்டு ஒன்றை அறுத்தேன். இரண்டு முனையையும் முதலில் 1000, பிறகு 2000 உப்புத்தாளில் தண்ணீர் வைத்துத் தேய்த்து, கடைசியில் மெட்டல் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினேன். யோசனை இதுதான்: கீழே எல்இடி மேல் நோக்கி எரியும். மேல் முனையில் கூம்பு வடிவக் குழி. மேலே ஏறும் ஒளி அந்தக் கூம்பில் பட்டுச் சுற்றிலும் திரும்பும். அசல் கப்பல் விளக்கைப் போல நாலு பக்கமும் ஒரே பட்டையாக ஒளிரும்.

முதல் துண்டில் சாதாரண டிரில் பிட்டால் குழி போட்டேன். ஒளி பக்கவாட்டில் திரும்பாமல் மேலே கூரையைப் பார்த்துப் போய்விட்டது. ஏன் என்று யோசித்தபோது காரணம் புரிந்தது. சாதாரண டிரில் பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி. அந்தச் சரிவில் ஒளி 31 டிகிரியில் படுகிறது. அக்ரிலிக்கில் ஒளி முழுவதுமாக உள்ளேயே திரும்ப வேண்டுமென்றால் சுமார் 42 டிகிரிக்கு மேல் பட வேண்டும். திருகாணித் தலைக்குக் குழி போடும் 90 டிகிரி பிட்டை எடுத்துக் கையாலேயே மெதுவாகச் சுழற்றினேன். அதில் ஒளி 45 டிகிரியில் படும். குழிக்குள் பருத்திக் குச்சியால் பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டு எல்இடி மேல் வைத்தேன். துண்டின் பக்கமெல்லாம் ஒளிர்ந்தது, உச்சி இருட்டு. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷம் இந்தப் படகில் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கூம்புக்குள் பெயின்டோ பசையோ பட்டால் இந்த வித்தை வேலை செய்யாது. அதனால் மூடியை ஓரத்தில் மட்டும் ஒட்டினேன்.

பிறகு மறைப்பு. 3 மி.மீ. கம்பியின் சுற்றளவு 9.4 மி.மீ. கம்ப விளக்கில் 135 டிகிரியை மறைக்க வேண்டும். அது சுற்றில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 3.5 மி.மீ. கறுப்பு வினைல் டேப்பில் 3.5 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிப் பின்பக்கம் ஒட்டி, அதன் மேல் கறுப்பு பெயின்ட். பின் விளக்குக்கும் மஞ்சள் விளக்குக்கும் இதைத் தலைகீழாக்கி 5.9 மி.மீ. பட்டை. நீளமான பட்டையாக வெட்டி வைத்துக்கொண்டு தேவையான அளவு துண்டித்தால் எல்லா விளக்கும் ஒரே மாதிரி வரும்.

பக்க விளக்குகளுக்கு இந்த வழி சரிப்படவில்லை. செய்து பார்த்தேன். நேர் முன்னால் நின்றால் இரண்டும் தெரிந்தன, நல்லது. ஆனால் 10 டிகிரி இடப்பக்கம் நகர்ந்த பிறகும் பச்சை தெரிந்துகொண்டே இருந்தது. விதியில் 1 முதல் 3 டிகிரிக்குள் மறைந்துவிட வேண்டும். ஒளிரும் துண்டு 3 மி.மீ. அகலமாக இருப்பதுதான் கோளாறு. அதை மறைக்கும் பலகை மிக நீளமாக இருந்தாலொழிய அந்த அகலத்தின் ஒரு ஓரம் எட்டிப் பார்க்கும்.

பழைய விதிகளில் பக்க விளக்குக்கு முன்னால் குறைந்தது 3 அடி நீளத்துக்கு உட்புற மறைப்பு இருக்க வேண்டும் என்று இருந்தது. 1:50இல் அது 18 மி.மீ. அந்த நீளத்தில் 3 டிகிரி வர வேண்டுமானால் ஒளிரும் இடம் மறைப்பிலிருந்து 1 மி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. சரி, அக்ரிலிக் துண்டே வேண்டாம், எல்இடியை அப்படியே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். 0603 என்று விற்கும் எல்இடி 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம்தான். அரை மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி செய்து, உள்ளே மங்கலான கறுப்பு அடித்து, எல்இடியை முன்திசையிலிருந்து 56 டிகிரி வெளிப்பக்கம் பார்க்கும்படி சின்ன ஆப்பின் மேல் ஒட்டினேன். 112.5இன் பாதி 56. இந்த எல்இடிகளின் பார்வைக் கோணம் 120 டிகிரி என்பதால் இரண்டு ஓரத்துக்கும் ஒளி ஓரளவு போய்விடுகிறது. பின் ஓரத்தைப் பெட்டியின் பின் சுவர் வெட்டிக்கொள்கிறது. உள்சுவரில் பளபளப்பான கறுப்பு அடித்துவிடாதீர்கள். அது கண்ணாடி போல ஒளியை எதிர்ப்பக்கம் அனுப்பிவிடும்.

சோதிக்க ஒரு சுழலும் தட்டு போதும். பெரிய தாளில் 0, 112.5, 247.5 என்று கோடு போட்டு, படகை நடுவில் வைத்து, அறையை இருட்டாக்கி, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு வேறொருவரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். எந்தக் கோட்டில் எந்த விளக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு தரம் பெட்டியைக் கழற்றி ஒட்ட வேண்டியிருந்தது.

கம்பிகளும் கம்பமும்

0603 எல்இடிக்குக் கம்பி வைப்பது பயப்படும் அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரு ஓட்டுத் துண்டில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, எல்இடியை முகம் கீழே இருக்கும்படி அதில் அழுத்தி வைத்தேன். இரண்டு முனையிலும் ஒரு பொட்டு சால்டர். 0.1 மி.மீ. எனாமல் கம்பியின் நுனியை 390 டிகிரி சூட்டில் உருகிய சால்டர் துளிக்குள் மூழ்க வைத்தால் எனாமல் எரிந்து மெல்லிய புகை வரும், நுனி வெள்ளி நிறத்துக்கு மாறும். அந்தப் புகை மூக்குக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பியை முனையில் வைத்து ஒரு நொடி தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பாசிட்டிவ் கம்பியின் மறுமுனையில் ஒரு முடிச்சு. இந்த முடிச்சு போடாமல் விட்ட ஒவ்வொரு முறையும் பிறகு அரை மணி நேரம் வீணாகியிருக்கிறது.

கம்பம் 3 மி.மீ. பித்தளைக் குழாய். அதையே பொது நெகட்டிவாகப் பயன்படுத்தினேன். எல்இடியின் நெகட்டிவ் முனை குழாயோடு சால்டர், பாசிட்டிவ் கம்பி மட்டும் குழாய்க்குள் கீழே போகும். எல்லாம் பூட்டி, பெயின்ட் அடித்து, காய்ந்து, கம்பத்தை மேல்கட்டில் நட்ட பிறகு மேல் விளக்கு எரியவில்லை. மல்டிமீட்டரை வைத்தால் அந்தக் கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் பீப் சத்தம். கம்பி குழாய்க்குள் எங்கோ உரசி எனாமல் போயிருக்கிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் கீழே இருந்ததால் எதுவும் சூடாகவில்லை, விளக்கு மட்டும்தான் இருட்டு.

கம்பத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கம்பி வெளியே வர நான் போட்டிருந்த 1 மி.மீ. துளையின் உள் விளிம்பில் பித்தளைப் பிசிறு ஒன்று ஊசி போல நீட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்தை அரம் போட்டு மழமழப்பாக்கிய நான் உள்பக்கத்தைத் தொடவே இல்லை. 2 மி.மீ. பிட் ஒன்றைக் கையால் குழாய்க்குள் விட்டுச் சுழற்றிப் பிசிறை எடுத்தேன். துளைகளின் விளிம்பில் நெயில் பாலிஷ் இரண்டு கோட். புதுக் கம்பியை இழுப்பதற்கு முன் அதன் மேலும் துளை வரும் இடத்தில் ஒரு கோட். இப்போது குழாயில் துளை போட்டால் உள் விளிம்பைத்தான் முதலில் பார்க்கிறேன்.

உயரமான பித்தளைக் கம்பத்தால் இன்னொரு தொல்லை வந்தது. படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு பக்கத்தை லேசாக அழுத்தி விட்டு, பத்து ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை எடுத்தேன். பழைய கம்பத்தோடு 8 நொடி. புதியதோடு 9.5 நொடி. ஆட்டம் மெதுவானால் படகு நிமிர்ந்து நிற்கும் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். கூடிய எடை முழுவதும் உச்சியில் கூடியிருந்தது. புதிதாக எடை சேர்த்தால் படகு இன்னும் ஆழமாக அமிழும். அதனால் உள்ளே பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஈயத் துண்டுகளைப் பெயர்த்து அடித்தளத்துக்கு மாற்றினேன், பேட்டரியைப் படுக்க வைத்தேன். பத்து ஆட்டம் 8.4 நொடிக்கு வந்தது. மேலே எதைச் சேர்த்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

எவ்வளவு வெளிச்சம்

முதல் முயற்சியில் நான் செய்த பெரிய தவறு இதுதான். எல்இடியின் தாளில் 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தது, அப்படியே கொடுத்தேன். அது அந்த எல்இடி தாங்கும் அளவு. நமக்கு வேண்டிய அளவு வேறு. இருட்டில் இந்தக் காலத்து எல்இடி 1 மில்லி ஆம்பியரிலேயே தாராளமாக எரியும்.

சரியான ரெசிஸ்டரைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதைவிடக் கண்ணால் கண்டுபிடிப்பது நல்லது. 470 ஓம் ரெசிஸ்டரோடு 20 கிலோ ஓம் மாறு ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, 5 வோல்ட் கொடுத்து, இருட்டில் தள்ளி நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போதும் என்று தோன்றிய இடத்தில் மல்டிமீட்டரால் அளந்து, அதற்குப் பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரைப் போட்டேன். கம்ப விளக்குக்கு 2.2 கிலோ ஓம், பின் விளக்குக்கு 4.7, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 3.3. பச்சைக்கு 15 கிலோ ஓம் தேவைப்பட்டது! நம் கண்ணுக்குப் பச்சைதான் மிகப் பிரகாசமாகத் தெரியும் என்று படித்திருக்கிறேன். அதை ரெசிஸ்டர் மதிப்பாகப் பார்த்தது அன்றுதான்.

விளக்குகளுக்குள் ஏற்றத் தாழ்வும் வேண்டும். 20 முதல் 50 மீட்டருக்குள் இருக்கும் கப்பலில் கம்ப விளக்கு 5 கடல் மைல் தூரம் தெரிய வேண்டும், மற்றவை 2 கடல் மைல். விதிகளின் அட்டவணைப்படி முதலாவதற்கு 52 கேன்டலா (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு), இரண்டாவதற்கு 4.3. மாதிரியில் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் வைத்தால் பக்க விளக்கே காணாமல் போகும். கம்ப விளக்கு கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் போதும்.

அப்புறம் சுக்கான் அறை. மாதிரிப் படகு செய்பவர்கள் பலரும் இதைக் கல்யாண மண்டபம் போல ஒளிர வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். நிஜத்தில் இரவில் ஓடும் கப்பலில் அந்த அறை இருட்டாக இருக்கும். உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. கடல் வரைபட மேசை மேல் மட்டும் ஒரு மங்கலான சிவப்பு விளக்கு இருக்கும், இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு அதிகம் கெடுக்காது. அதனால் உள்ளே இருந்த நான்கு வெள்ளை எல்இடியையும் எடுத்துவிட்டு, மேசைக்கு மேல் ஒரே ஒரு சிவப்பு எல்இடியை 22 கிலோ ஓமோடு வைத்தேன். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளே நிற்கும் 35 மி.மீ. உருவத்தின் கன்னத்தில் ஒரு கோடு சிவப்பு விழுகிறது. இப்போதுதான் அந்த அறையில் ஆள் இருப்பது போல இருக்கிறது.

கீழ்த்தள அறைகளில் வெள்ளை விளக்கு இருக்கலாம். ஆனால் 1 மி.மீ. வெள்ளைப் பிளாஸ்டிக் சுவர் ஒளியை அப்படியே விடும், சுவரே விளக்குக் கூண்டு போல மின்னும். உட்புறம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை அடித்தால் நிற்கும். மேல்கட்டு தளத்தில் உட்காரும் இடைவெளியில் கசிந்த ஒளியை மறைக்க மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினேன். ஜன்னல் கண்ணாடி ஒட்ட சூப்பர் க்ளூ எடுக்காதீர்கள். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை போதும்.

எது எப்போது எரியும்

ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஸ்விட்ச் வைத்தால் தப்பான சேர்க்கை எரியும். நங்கூரம் போட்ட இந்த அளவுக் கப்பல் எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு காட்டும், பக்க விளக்குகள் அணைந்திருக்கும். ஆகவே இடையில் ஒரு ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) வைத்தேன். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரின் துடிப்பு 1000 மைக்ரோ நொடி என்றால் எல்லாம் அணைவு, 1500 என்றால் தனியாக ஓடும் நிலை, 2000 என்றால் இழுக்கும் நிலை. இழுக்கும் நிலையில் கீழ் வெள்ளையும் மஞ்சளும் கூடவே வரும். இரண்டாவது ஸ்விட்சை மேலே தள்ளினால் நங்கூர விளக்கு, கீழே தள்ளினால் அதோடு தள விளக்குகளும். நங்கூரம் என்று வந்துவிட்டால் முதல் ஸ்விட்ச் எதைச் சொன்னாலும் ஓடும் விளக்குகள் எரியாது. நானோவின் ஒரு காலில் 20 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம், 1 மில்லி ஆம்பியர் விளக்குகளுக்கு அது தாராளம். தள விளக்குகளையும் ரேடார் மோட்டாரையும் மட்டும் 2என்2222 டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுத்தேன்.

மேசையில் எல்லாம் ஒழுங்கு. தண்ணீரில் விட்டு வேகத்தைக் கூட்டியதும் விளக்குகள் படபடவென்று நிலை மாறின. மின்னழுத்தம் விழுகிறது என்று நினைத்து 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் போட்டேன். மாற்றமில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால் 5 வோல்ட் அசையவே இல்லை. கடைசியில் மோட்டாரைப் பார்த்தேன். அதில் இரைச்சலை அடக்கும் கெபாசிட்டர் ஒன்றுகூட இல்லை. பிரஷ் மோட்டாரின் தீப்பொறி ரிசீவர் கம்பியில் ஏறி, நானோவுக்குப் பொய்த் துடிப்பு காட்டியிருக்கிறது. மோட்டார் கூட்டை அரத்தால் தேய்த்துவிட்டு 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் மூன்று வைத்தேன்: இரண்டு முனைக்கும் இடையில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் கூட்டுக்கு ஒன்று. மோட்டார் கம்பிகளை முறுக்கி, சிக்னல் கம்பிகளைப் படகின் மறுபக்கமாகக் கொண்டுபோனேன். நிரலிலும் ஒரு மாற்றம் செய்தேன்: ஐந்து துடிப்பு தொடர்ந்து ஒன்றுபோல வந்தால்தான் நிலை மாறும். அதோடு நின்றது.

அசையும் பாகங்கள்

ரேடார் சுழல்வதற்கு 30 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 30 சுற்று) என்று விற்கும் பல்சக்கர மோட்டார், 5 வோல்ட்டில் நிமிடத்துக்கு 25 சுற்றுதான். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசை. மோட்டாரைக் கூரையில் வைக்காமல் கீழ்த்தளத்தில் வைத்து, 1 மி.மீ. எஃகுக் கம்பியைக் குழாய்க்குள் மேலே அனுப்பினேன். எடையும் கீழே வந்தது, சத்தமும் குறைந்தது.

தீயணைப்புக் குழல் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்று ஆசை. முதலில் பம்பைத் தளத்துக்கு அடியில் உயரத்தில் வைத்தேன், காற்றை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தது. இந்தச் சிறிய பம்புகள் தானாக நீரை உறிஞ்சி ஏற்றாது. நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கியதும் உடனே ஓடியது. 1 மி.மீ. முனையில் ஒன்றரை மீட்டர் தூரம் போகிறது. குழாய் நுழையும் இடத்தை அடைத்த சிலிகான் வினிகர் போல மணக்கும் வகை. இரண்டே வாரத்தில் பக்கத்தில் இருந்த செம்புக் கம்பி முனைகள் பச்சை பூத்துவிட்டன. அதிலிருந்து வெளியாகும் அமிலம்தான் காரணம். சுரண்டி எடுத்துவிட்டு, மணமில்லாத நியூட்ரல் வகையைப் போட்டேன்.

இழுவைக் கொக்கியைத்தான் மிகவும் கவனமாகச் செய்தேன். இழுவைப் படகில் கொக்கி நடுவிலிருந்து சற்றே பின்னால் இருக்கும், அப்போதுதான் இழுத்துக்கொண்டே திரும்ப முடியும். அதே காரணத்தால் கயிறு பக்கவாட்டில் இறுகினால் படகைக் கவிழ்த்துவிடும். நிஜ இழுவைப் படகுகள் இப்படிக் கவிழ்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அவற்றில் கயிற்றை உடனே விடுவிக்கும் கொக்கி இருக்கிறது. என் கொக்கி 1.5 மி.மீ. பித்தளைக் கம்பியில் வளைத்தது. அடியில் ஒரு முள் அதைப் பூட்டி வைக்கும், சர்வோ (ரிமோட் சொல்லும் அளவுக்குத் திரும்பும் சின்ன மோட்டார்) அந்த முள்ளை இழுத்தால் கொக்கி பின்னால் சாய்ந்து கயிறு நழுவிவிடும். கயிறு தளர்வாக இருக்கும்போது விடுபடுவது பெரிய விஷயமில்லை. அரை கிலோ இழுவையில் விடுபட வேண்டும். தராசுக் கொக்கியில் கட்டிச் சோதித்தபோது இரண்டு தரம் முள் சிக்கியது. முள்ளின் நுனியை உருட்டித் தேய்த்து, துளிக் கிரீஸ் வைத்த பிறகு இருபது முறை இழுத்தேன், இருபது முறையும் விட்டது.

தண்ணீரில்

இரண்டாவது இரவு அதே குளம். ஸ்விட்சை நடுவில் வைத்தேன். கம்ப விளக்கும் பச்சையும் மட்டும் இடமிருந்து வலமாக நகர்ந்தன. வலப்பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு போகிறது. திருப்பினேன். பச்சையோடு சிவப்பும் வந்தது, வெள்ளை இரண்டுக்கும் நடு மேலே நின்றது. என்னை நோக்கி வருகிறது. எதிரே வரும் படகைத் திருப்பும்போது இடமும் வலமும் குழம்பும், கைக்குப் பழக நாளாகும். இப்போது பச்சை மறைந்தால் அதன் இடப்பக்கம் என்னைப் பார்க்கிறது என்று யோசிக்காமலே விரல் போகிறது. கரையோரமாக வந்து, திரும்பி, விலகிப் போனபோது கம்ப விளக்கும் பக்க விளக்கும் ஒன்றாக மறைந்து பின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே பத்துத் தரம் வட்டமடித்தேன்.

மிதவையைக் கட்டி இழுக்கும் நிலைக்கு மாற்றினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளை. கடந்து போனதும் பின் வெள்ளைக்கு மேல் மஞ்சள். மிதவைதான் இருட்டில் இருந்தது. விதிப்படி இழுக்கப்படும் கலமும் தன் பக்க விளக்குகளையும் பின் விளக்கையும் காட்ட வேண்டும், கம்ப விளக்கு மட்டும் கிடையாது. அதற்கான இரண்டு பெட்டிகளை வெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே மங்கலான கறுப்பு அடித்தாயிற்று. பெயின்ட் காய்ந்ததும் எல்இடி ஒட்ட வேண்டும்.